அண்ணனோட அமெரிக்க ஆமி டிஸ்சார்ஜ் பேப்பரை மாத்த முடியுமா?

டிக்கோயா_தங்கச்சி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுமையா வாசிச்சிட்டு தெரிஞ்சவங்க பதில் சொல்லுங்க.

எங்க பெரிய அண்ணனுக்கு கிரீன் கார்ட் லொத்தர் விழுந்து 2010ல அமெரிக்கா போனாரு. ஏஎல் முடிச்சிட்டு இங்க ஹட்டன்ல ஒரு கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவரு. அங்க போயி கொஞ்ச மாசத்துல ஆமில சேந்துட்டாரு, எங்களுக்கு சேந்ததுக்கு அப்புறம்தான் சொன்னாரு, அம்மா ஒரு வாரம் சாப்பிடல. ட்ரெய்னிங் முடியிறப்பவே குடியுரிமையும் குடுத்துட்டாங்க. 2012ல ஆப்கானிஸ்தான் போனாரு, சாமான் ஏத்துற லொறி ஓட்டுற வேல. அங்க என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கி வரைக்கும் முழுசா சொன்னதில்ல, முன்னாடி போன லொறி குண்டுல போச்சுன்னு மட்டும் ஒரு நாள் குடிச்சிட்டு சொன்னாரு.

2013ல அப்பா மோசம் போயிட்டாரு. அண்ணன் லீவு எடுத்துக்கிட்டு வந்து கொள்ளி வச்சாரு. லீவு முடிஞ்சும் திரும்பிப் போகல, ரெண்டு மாசத்துக்கு கிட்ட இங்கயே இருந்துட்டு அப்புறம் தானாத்தான் போனாரு. போனதும் கேஸ் போட்டு, ஏதோ பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு 2014ல அனுப்பிட்டாங்க. டிஸ்சார்ஜ் பேப்பர்ல அண்டர் அதர் தேன் ஹொனரபிள் கண்டிஷன்ஸ்னு இருக்கு, அதாவது நல்ல பேரோட வெளிய வரலன்னு. அதுக்கப்புறம் அங்க நல்ல வேல ஒன்னும் கெடைக்கல, பெட்ரோல் ஷெட், வேர்ஹவுஸ்னு அலைஞ்சிட்டு இப்ப ஊருக்கே வந்துட்டாரு. ராத்திரில தூங்குறதில்ல. தீபாவளிக்கு லயத்துப் புள்ளைங்க வெடி போட ஆரம்பிச்சா எங்கயாவது கெளம்பி போயிருவாரு, ரெண்டு நாள் கழிச்சித்தான் வருவாரு.

இப்ப கொழும்புல ஒருத்தர் இந்த டிஸ்சார்ஜை மாத்தித் தரலாம் பென்ஷனும் வாங்கலாம்னு சொல்லி நாலு லட்சம் கேக்குறாரு. இது உண்மையிலயே முடியிற காரியமா, இல்ல ஏமாத்துறாங்களா? அண்ணன்கிட்ட கேட்டா ஆறு மாசத்துல தானா மாறும்னு அப்பவே சொன்னாங்க, மாறல, விடுன்றாரு.


பண்டாரவளை_மாமா

மகள், ஆமில லீவு சொல்லாம நின்னவங்களுக்கு பொதுமன்னிப்பு குடுப்பாங்களே, 2024 ஏப்ரல் மே மாசத்துல கூட குடுத்தாங்க, எங்க தோட்டத்துல ஒரு பையன் அப்பதான் போயி சட்டப்படி வெலகிட்டு வந்தான். அதுல போட்டுப் பாக்கலாமே.


டிக்கோயா_தங்கச்சி

மாமா அது இலங்கை ஆமிக்கு. அண்ணன் இருந்தது அமெரிக்கா ஆமி.


பண்டாரவளை_மாமா

ஆ சரி சரி. கண்ணாடி போடாம வாசிச்சிட்டேன்.


ரம்பொடை_அக்கா

தங்கச்சி, நான் வெர்ஜீனியால இருக்கேன். ஒரு லோயர் ஒஃபிஸ்ல இந்த மாதிரி ஃபைல் தயார் பண்றதுதான் என் வேல. லோயர் இல்ல, ஃபைல் கட்டுற ஆளு, அதை மனசுல வச்சிக்கிட்டு வாசிங்க.

மொதல்ல அந்த நாலு லட்சத்த யாருக்கும் குடுத்துறாதீங்க. விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் கட்டணம் கெடையாது. ஃபோம் இன்டர்நெட்டுல இருக்கு, டிடி 293ன்னு பேரு. லோயர் வேணும்னாலும் அங்க முன்னாள் படையாட்களுக்கு காசில்லாம செஞ்சி குடுக்குற அமைப்புங்க இருக்கு, யேல் பல்கலைக்கழக சட்ட பீடத்துலயே மாணவங்க நடத்துற ஒரு கிளினிக் இதுக்குன்னே இருக்கு. அந்த ஆறு மாசத்துல தானா மாறும்ன்றது சுத்தப் பொய். சொன்னது யாரா இருந்தாலும் பொய்தான். எத்தனையோ பேர் அத நம்பி வருஷக்கணக்கா சும்மா இருந்துட்டாங்க. கேட்டு எழுதுனாத்தான் மாறும்.

ரெண்டு போர்ட் இருக்கு. ஒன்னு டிஸ்சார்ஜ் ரிவியூ போர்ட், அதுக்கு வெளியேறுன நாள்லருந்து 15 வருஷம் டைம். அண்ணனுக்கு 2014ன்னா 2029 வரைக்கும் இருக்கு. 15 வருஷம் தாண்டிட்டா இல்ல அங்க முடியாதுன்னு சொல்லிட்டா ரெக்கோட்ஸ் திருத்துற போர்ட்னு இன்னொன்னு, அதுக்கு டிடி 149. அதுல மூணு வருஷ கெடு இருக்கு, ஆனா நியாயமான காரணம் இருந்தா அந்தக் கெடுவ விட்டுக்குடுக்கலாம். உங்களுக்கு மொத போர்ட்தான் சரி, அங்க இருக்குற இன்னொரு நல்லது, இருக்குறதவிட மோசமா மாத்த அவங்களுக்கு அதிகாரம் கெடையாது. கேக்கப் போயி உள்ளதும் போயிருமோன்னு பயப்படாதீங்க.

இப்ப உங்க அண்ணன் விஷயம். கேஸ் போட்டு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்கன்னு எழுதியிருக்கீங்க இல்லையா, கோர்ட் மார்ஷலுக்கு, அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு, பதிலா வெலகிக்கிறேன்னு எழுதிக் குடுக்குற பேப்பரா இருக்கும், ஆமில சாப்டர் 10ன்னு சொல்லுவாங்க. அந்த டிஸ்சார்ஜ் பேப்பருக்கு டிடி 214ன்னு பேரு, அதுல 28ம் கட்டத்துல காரணம் எழுதியிருக்கும், பாத்து சொல்லுங்க. 24ல டிஸ்சார்ஜ் வகை இருக்கும். 29ம் கட்டத்த ரொம்ப முக்கியமா பாருங்க, அதுல லீவில்லாம நின்ன திகதி எதுலருந்து எது வரைக்கும்னு போட்டிருக்கும். அந்த திகதியையும் அப்பாவோட மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் பக்கத்துல வச்சிப் பாருங்க.

ஏன் சொல்றேன்னா, போர்ட்டுக்கு அவரு நல்ல மனுஷன் ஏழைக் குடும்பம்னு எழுதுறது பத்தாது. போர்ல பாதிக்கப்பட்டு மனநிலை கெட்டவங்களோட விண்ணப்பத்த தாராளமா பாக்கணும்னு 2014 செப்டம்பர்ல அப்ப பாதுகாப்புச் செயலாளரா இருந்த சக் ஹேகல் ஒரு மெமோ விட்டாரு, 2017 ஆகஸ்ட்ல கர்ட்டா மெமோன்னு இன்னொன்னு வந்து அத விளக்கமா சொல்லுச்சு. அதுபடி அவங்க கேக்குறது இதுதான், இவருக்கு பிடிஎஸ்டி (பயங்கரமான சம்பவத்துக்கு அப்புறம் வர்ற மனநோய்) மாதிரி ஏதாவது இருந்துச்சா, அது சேவையில இருக்கும்போதே இருந்துச்சா, செஞ்ச தப்புக்கு அது உண்மையிலயே காரணமா, அந்தக் காரணம் தப்பவிடப் பெருசா. மூணாவது கேள்வியிலதான் முக்காவாசிப் பேரு விழுறாங்க. வருத்தம், அதாவது நோய், இருந்துச்சுன்னு காட்டிருவாங்க, ஆனா அந்த நோயாலதான் அன்னிக்கி போகலன்னு காட்ட மாட்டாங்க. அப்பா செத்த துக்கத்துல நின்னுட்டாருன்னு மட்டும் போனா போர்ட்டுக்கு அது வெறும் குடும்பப் பிரச்சன.

அதனால ஒரு கேள்வி. லீவு முடிஞ்ச அன்னிக்கி என்ன நடந்துச்சு? அவரு வீட்டுலயே இருந்துட்டாரா?


மஸ்கெலியா_சிவப்பு

அமெரிக்காக்காரனுக்கு சண்ட போடப் போனவருக்கு இங்க இருந்து இவ்வளவு பாடா. நம்ம ஆளுங்களுக்கு நாள் சம்பளம் ஒழுங்கா வாங்கித் தர யாரும் இல்ல.


ரம்பொடை_அக்கா

சம்பளத்துக்கு தனித் திரி தொறங்க தம்பி, நானும் வந்து எழுதுறேன்.


டிக்கோயா_தங்கச்சி

அக்கா ரொம்ப நன்றி. பேப்பர எடுத்துப் பாத்தேன். சிரிக்காதீங்க, அம்மா அத ஹட்டன் டவுன்ல குடுத்து லெமினேட் பண்ணி வச்சிருக்காங்க, அண்ணனோட பேர்த் சேட்டிஃபிகேட்டோட சேத்து. அமெரிக்கா ஆமி குடுத்த சேட்டிஃபிகேட்னு நெனச்சிட்டாங்க. அண்ணனும் இல்லம்மான்னு சொல்லல போல.

28ல நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, இன் லூ ஒஃப் ட்ரையல் பை கோர்ட் மார்ஷல். 29ல திகதி இருக்கு. அப்பாவோட பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அடுத்த நாள்லருந்து ஆரம்பிக்குது.

லீவு முடிஞ்ச அன்னிக்கி அவரு வீட்டுல இருக்கல அக்கா. கெளம்பிட்டாரு. காரியம் முடிஞ்சி மத்த நாள் விடியக் காலையில வேன் புடிச்சி, நானும் சின்ன மாமாவும் கட்டுநாயக்க வரைக்கும் கூடப் போனோம். உள்ள போயிட்டாருன்னு நெனச்சி நாங்க வேன்ல ஏறப் போறப்ப வாசல்லருந்து வெளிய வந்துட்டாரு. சட்ட முழுக்க நனைஞ்சிருக்கு, மழ கூட இல்ல. பேக்க கீழ வச்சிட்டு அந்த பேக்கப் புடிச்சிக்கிட்டே ஒக்காந்துட்டாரு, மூச்சு வாங்குது, மாமா ஹார்ட் அட்டேக்னு நெனச்சி தண்ணிய மொகத்துல ஊத்துறாரு. உள்ள பேக் ஸ்கேன் பண்ற மெஷின் பக்கத்துல ஏதோ டமால்னு விழுந்திருக்கு, அவ்வளவுதான். திரும்பி வர்ற வழியில கினிகத்தேனை வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. வீட்டுக்கு வந்து போர்வைய இழுத்து மூடிக்கிட்டவருதான். டொக்டர் கிட்ட போகல, எங்களுக்கு அதெல்லாம் தெரியாது அப்ப. பேய் புடிச்சிருக்குன்னு அம்மா மாரியம்மன் கோயில்ல திருநீறு போட்டாங்க. போன் வந்தா எடுக்க மாட்டாரு. அப்புறம் தானா ஒரு நாள் டிக்கெட் போட்டு போயிட்டாரு.

இதெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம், ஒரு சாட்சியும் பேப்பரும் இல்லையே.


ரம்பொடை_அக்கா

தங்கச்சி, சாட்சி நீங்கதான்!

கர்ட்டா மெமோவுல குடும்பத்து ஆளுங்க, கூட இருந்தவங்க எழுதிக் குடுக்குறதையும் ஆதாரமா எடுக்கலாம்னு தெளிவா இருக்கு, அந்த முன்னாள் படையாளோட சொந்த வாக்குமூலமே ஆதாரமா இருக்கலாம்னும் இருக்கு. அந்தக் காலத்து டொக்டர் துண்டு இல்லன்றது ஒரு கொறதான், ஆனா அதோட கேஸ் முடிஞ்சி போறதில்ல. இப்ப நீங்க எழுதுன அந்த ஒரு பந்தி, கட்டுநாயக்க பந்தி, அதுதான் அந்த மூணாவது கேள்விக்கு பதில். போகக்கூடாதுன்னு நெனச்சி ஒளிஞ்ச மனுஷன் பேக்கும் கையுமா ஏர்போர்ட் வரைக்கும் ஏன் போகணும்? டிக்கெட் கொப்பி, பழைய ஈமெயில், வேன்காரர், ஏதாவது இருக்கான்னு தேடுங்க. சின்ன மாமா இருக்காரா? அவர்கிட்டயும் தனியா ஒன்னு வாங்குங்க. ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரே மாதிரி எழுதாதீங்க, அவரவர் பாத்தத அவரவர் பாஷையில. தமிழ்லயே எழுதிட்டு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கிட்ட குடுத்து இங்கிலிஷ்ல வாங்குங்க, தமிழ் மூலத்தையும் சேத்தே அனுப்புங்க. ஜேபி (சமாதான நீதவான்) முன்னால சத்தியக்கடதாசியா முடிச்சா இன்னும் நல்லது. மரண அத்தாட்சிப் பத்திரமும் அதே மாதிரி.

அவரு தானா திரும்பிப் போனாருன்றதையும் மறக்காம எழுதணும். புடிச்சிட்டுப் போகல, தானாப் போனாரு. அங்க 30 நாள் தாண்டுனாலே டெசர்ட்டர், அதாவது ஓடிப்போனவன்னு பட்டியல்ல போட்டுருவாங்க, அப்பிடி இருந்தும் போனவரு.

இன்னொரு விஷயம் இருக்கு, பயமுறுத்த சொல்லல, ஆனா தெரிஞ்சிருக்கணும். ஆமில சேந்ததுனால குடியுரிமை கெடைச்சவங்க, மொத்தம் அஞ்சு வருஷம் ஒழுங்கா சேவை செய்யறதுக்கு முன்னாடியே ஹொனரபிள் இல்லாத டிஸ்சார்ஜ்ல வந்தா, அந்தக் குடியுரிமைய ரத்துப் பண்ண சட்டத்துல எடம் இருக்கு. தானா போகாது, அரசாங்கம் கோர்ட்டுக்குப் போயித்தான் எடுக்கணும். ஆனா அண்ணன் அஞ்சு வருஷம் முடிக்கலயே. அவரு இலங்கை குடியுரிமைய வச்சிக்க மனுப் போட்டுட்டு அங்க எடுத்தாரா?


டிக்கோயா_தங்கச்சி

இல்ல அக்கா, அதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா. இப்ப இங்க விசாவுலதான் இருக்காரு, அத நீட்டிக்க ஒவ்வொரு தடவையும் பத்தரமுல்லை குடிவரவு ஒஃபிஸுக்குப் போறாரு. அப்ப அங்கயும் போனா?


பண்டாரவளை_மாமா

இங்க இருந்த குடியுரிமையும் போயி அங்க குடுத்ததும் போனா நாடு இல்லாத ஆளுதானே மகள். எங்க தாத்தாவுக்கு 1948ல பறிச்சது, எங்க சித்தப்பா ஒருத்தருக்கு 2003 சட்டம் வந்துதான் கைக்கு கெடச்சிச்சு, அதுக்குள்ள அவருக்கு தல நரைச்சிருச்சு. ரெட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்க மொதல்ல, மத்ததெல்லாம் அப்புறம்.


ரம்பொடை_அக்கா

மாமா சொல்றது சரி, இலங்கை குடியுரிமைய மீட்டு எடுக்குற விண்ணப்பத்த தனியா போடலாம், இதுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரத்துப் பண்ற வழக்கு எல்லார் மேலயும் பாயிறதில்ல, அதையும் சொல்லிர்றேன். அண்ணன்கிட்ட இத எடுத்ததும் போட்டு ஒடைக்காதீங்க.

இதுல ஒரு நல்லது என்னன்னா முழு ஹொனரபிள் கெடைக்காம ஜெனரல்னு ஒன்னு, ஜெனரல் அண்டர் ஹொனரபிள் கண்டிஷன்ஸ், அது கெடச்சாலே குடியுரிமைப் பயம் போயிரும், ஏன்னா அதுவும் ஹொனரபிள் கண்டிஷன்ஸ்ல வந்த டிஸ்சார்ஜ்தான். வைத்தியம், ஊனக் கொடுப்பனவு ரெண்டுக்கும் அதுவே போதும். படிக்கிற செலவுக்கு ஜிஐ பில் வேணும்னாத்தான் முழு ஹொனரபிள் கட்டாயம். அதனால விண்ணப்பத்துல ஹொனரபிள் கேளுங்க, அது இல்லாட்டி ஜெனரல் தாங்கன்னும் கேளுங்க. காரணத்தையும், அந்த 28ம் கட்டத்தையும், மாத்தச் சொல்லிக் கேக்கணும். அத மறந்துட்டு விட்டவங்க எத்தனையோ பேரு, டிஸ்சார்ஜ் ஹொனரபிள் ஆனப்புறமும் காரணம்னு போட்ட எடத்துல கோர்ட் மார்ஷல்னு நிக்கும், வேலைக்குப் போற எடத்துல அதத்தானே வாசிப்பான். அந்தக் காலத்துல தோட்டத்துல பத்துச்சீட்டு குடுத்து அனுப்புனா அடுத்த தோட்டத்துத் தொரை மொதல்ல அத வாசிச்சிட்டுத்தான் ஆள நிமிந்து பாப்பாராம், அந்த மாதிரிதான் இந்த 214ம்.


தலவாக்கலை_நேவி

இப்பத்தான் இந்தத் திரியப் பாத்தேன். நான் அங்க நேவில இருந்தவன், ஜெனரல்ல வந்து பிறகு ஹொனரபிளா மாத்திக்கிட்டேன். நேவிக்கும் மெரீனுக்கும் சேத்து ஒரு போர்ட், ஃபோம் அதே 293. அக்கா சொன்னதுல ஒரு எழுத்து தப்பு இல்ல. என் பங்குக்கு கொஞ்சம்.

ஃபோம் நிரப்ப முந்தி ரெக்கோட்ஸ் எடுங்க. அமெரிக்கால சென் லூயிஸ்ல நேஷனல் பெர்சனல் ரெக்கோட்ஸ் சென்டர்னு இருக்கு, எஸ்எஃப் 180ன்ற ஃபோம்ல அண்ணன் கையெழுத்து வச்சி அனுப்பணும், ஒன்லைன்லயும் கேக்கலாம். சேவைக் கோப்பு மட்டும் இல்ல, மருத்துவக் கோப்பும் வேணும், ஆனா 2014க்கு அப்புறம் வெளிய வந்தவங்களோட மருத்துவக் கோப்பு வேற எடத்துல இருக்கலாம், அந்த ஃபோம்லயே இருக்குற முகவரிப் பட்டியலப் பாத்து அனுப்புங்க. ஆப்கானிஸ்தான்லருந்து வந்ததும் எல்லாருக்கும் ஒரு கேள்விப் படிவம் குடுப்பாங்க, தூக்கம் வருதா, கெட்ட கனவு வருதான்னு டிக் பண்றது. நம்ம ஆளுங்க வெக்கத்துல எல்லாத்துக்கும் இல்லன்னு போடுவாங்க. ஒன்னு ரெண்டுக்காவது ஆமான்னு போட்டிருந்தா அது தங்கம். முன்னாடி போன லொறி வெடிச்சிச்சின்னு சொன்னாரே, அத அந்த யூனிட்ல பதிஞ்சிருப்பாங்க, கூட இருந்த பொடியன் யாரையாவது ஃபேஸ்புக்ல தேடிப் புடிச்சி ரெண்டு வரி எழுதி வாங்கச் சொல்லுங்க. இது அண்ணனாலதான் முடியும்.

அண்ணன் எழுதுற வாக்குமூலம் பத்தி. நம்ம ஊர்ல பெத்திசம் எழுதுற பாணி ஒன்னு இருக்கு, சமுகம் ஐயா அவர்களுக்கு, தாழ்மையுடன் பணிந்து, குடும்பக் கஷ்டத்தைக் கருத்திற்கொண்டு. அது ஒன்னும் வேணாம். யாரையாவது புடிச்சி பெரிய இங்கிலிஷ்ல எழுதவும் வேணாம். அன்னிக்கி என்ன பாத்தேன், என்ன கேட்டிச்சி, ஒடம்புக்கு என்ன ஆச்சி, என்ன செஞ்சேன், அவ்வளவுதான். லீவில்லாம நின்னது தப்புன்னு ஒத்துக்கிட்டு எழுதட்டும், சப்பக்கட்டு கட்டுனா அவங்களுக்கு ஒடனே தெரியும். வெளிய வந்ததுக்கு அப்புறம் எப்பிடி வாழ்ந்தாருன்னும் எழுதணும், பொலீஸ் கேஸ் இல்ல, ஊர்ல புள்ளைங்களுக்கு இங்கிலிஷ் சொல்லிக் குடுக்குறாரு, அது மாதிரி ஏதாவது இருந்தா ஊர்ப் பாடசாலை அதிபர்கிட்டயோ கோயில் தலைவர்கிட்டயோ லெட்டர் வாங்குங்க. இதயெல்லாம் கணக்குல எடுக்கணும்னு 2018 ஜூலைல வில்கி மெமோன்னு ஒன்னு இருக்கு.

இன்னொன்னு, போர்ட் குடுத்த பழைய தீர்ப்புகள ஆளுங்க பேர அழிச்சிட்டு இன்டர்நெட்டுல போட்டிருக்காங்க. ஆப்கானிஸ்தான், பிடிஎஸ்டி, சாப்டர் 10னு தேடி ஒரு பத்துப் பதினஞ்சு வாசிங்க. எதுக்கு குடுத்தாங்க எதுக்கு மறுத்தாங்கன்னு நமக்கே வெளங்கிரும். எனக்கு லோயர் சொன்னதவிட அதுலதான் நெறைய வெளங்குச்சி.


மிஸ்ஸி_ஹப்புத்தளை

நான் நர்ஸ், மனநலக் கிளினிக்ல வேல செய்றேன். இங்க எல்லாரும் பேப்பர் பத்தியே பேசுறீங்க, மனுஷன் இன்னும் தூங்கலயே. நேரா வாட்டுக்குப் போங்கன்னு சொல்லல, பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரில மனநல கிளினிக் நாள் எதுன்னு கேட்டு கூட்டிட்டுப் போங்க, காசு இல்ல. கிளினிக் கொப்பி போட்டுருவாங்க, எல்லாம் இங்கிலிஷ்லதான் எழுதுவாங்க, அதுவே உங்க ஃபைலுக்கும் ஆகும். கன்சல்டன்ட் சைக்கியாட்ரிஸ்ட் பாத்து நாலஞ்சு தடவ வந்து போனப்புறம் லெட்டர் கேட்டா குடுப்பாங்க. மொத நாளே லெட்டர் வேணும்னு போயி நிக்காதீங்க, அவங்களுக்கு ஆளத் தெரியாம எப்பிடி எழுதுவாங்க.

தங்கச்சி, எங்க கிளினிக்குக்கு வர்ற ஆம்பளைங்கள்ல நெறையப் பேர மொத தடவ கூட்டிட்டு வர்றது தங்கச்சியோ மகளோதான். பொண்டாட்டி கூப்பிட்டா வர மாட்டாங்க, ஏன்னு தெரியல. நித்திரை வரலன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, பைத்தியம் அது இதுன்னு வாய் தவறியும் சொல்லாதீங்க. குடியையும் டொக்டர்கிட்ட மறைக்க வேணாம்.


ரம்பொடை_அக்கா

மிஸ்ஸி சொன்னது ரொம்ப முக்கியம். அந்த லெட்டர்ல நோய் பேரு மட்டும் இருந்தா பத்தாது, 2012 சம்பவத்துலருந்து வந்ததா இருக்கலாம், 2013ல நடந்தது அந்த நோயோட அறிகுறியோட பொருந்துதுன்னு டொக்டர் தன்னோட அபிப்பிராயமா ஒரு வரி எழுதுனா அது பத்துப் பக்கத்துக்குச் சமம். அதுக்கு டொக்டருக்கு 214 கொப்பியும் உங்க கட்டுநாயக்க வாக்குமூலமும் காட்டணும். போர்க் களத்துக்குப் போயி வந்து பிடிஎஸ்டின்னு சொல்ற ஆளோட விண்ணப்பத்த பாக்குற போர்ட்ல ஒரு வைத்தியரோ உளவியலாளரோ இருக்கணும்னு சட்டமே இருக்கு, அவங்க அந்த வரியத்தான் தேடுவாங்க.

பென்ஷன் பத்தி. கொழும்புக்காரர் சொன்ன பென்ஷன்னு ஒன்னு டிஸ்சார்ஜ் மாறுனதும் தானா வராது. அது முன்னாள் படையினருக்கான இலாகா, வீஏன்னு சொல்றது, அங்க ஊனக் கொடுப்பனவுக்கு தனி விண்ணப்பம். வீஏ தன் பாட்டுக்கு இந்த டிஸ்சார்ஜ் எங்களுக்கு ஏத்துக்கலாமான்னு முடிவு பண்ணும், போர்ட் மாத்துற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. தொடர்ந்து 180 நாளுக்கு லீவில்லாம நின்னிருந்தா அங்க பெரிய தடங்கல், அண்ணனுக்கு அந்தப் பிரச்சன இல்ல. ஆனா கோர்ட் மார்ஷலுக்குப் பதிலான்னு இருக்கே, அது ஜெனரல் கோர்ட் மார்ஷலா வேற வகையான்னு ரெக்கோட்ஸ்ல பாக்கணும், ஜெனரல்னா வீஏ மடக்கும். கோப்பு வந்தாத்தான் தெரியும். சேவையால வந்த வருத்தம்னு வீஏ ஏத்துக்கிட்டா வெளிநாட்டுல இருந்தும் காசு வரும், அந்த வருத்தத்துக்கு இங்க எடுக்குற வைத்தியச் செலவையும் குடுக்குற திட்டம் இருக்கு.


டிக்கோயா_தங்கச்சி

எல்லாத்தையும் ப்ரிண்ட் எடுத்து அண்ணன்கிட்ட குடுத்தேன். நேவி அண்ணன் எழுதுனத ரெண்டு தடவ வாசிச்சாரு, நேவிக்காரன்தான் ஆனாலும் சரியா சொல்றான்னாரு. 😄 எஸ்எஃப் 180ல கையெழுத்து வச்சிட்டாரு. 293 எழுத மாட்டேன்றாரு, கோப்பு வரட்டும் பாப்போம்ன்றாரு. கிளினிக்குக்கு வர்றேன்னு சொல்லல, வரலன்னும் சொல்லல. மாமா எழுதிக் குடுத்துட்டாரு, ஒன்றரப் பக்கம், அதுல வேன்காரன் கூடக் காசு கேட்டது அர பக்கம்.

ரெண்டு சந்தேகம். அண்ணனுக்குப் பதிலா நான் 293ல கையெழுத்து வச்சி அனுப்பலாமா? அந்த ஃபோம்ல கோப்ப மட்டும் பாக்கணுமா நேர்ல பேசணுமான்னு டிக் பண்ணக் கேக்குது, எத டிக் பண்றது?


தலவாக்கலை_நேவி

வேன்காரர் கத இருக்கட்டும், வெட்டாதீங்க. அன்னிக்கி போயிட்டு அதே வேன்ல திரும்பி வந்ததுக்கு அதுதான் சாட்சி.

நேர்ல பேசுறதுக்கு அமெரிக்கா போகத் தேவையில்ல, போன்லயோ வீடியோலயோ வைப்பாங்க. அங்க காலைல 9 மணின்னா இங்க பின்னேரம் ஆறரை, அவங்க குளிர் காலத்துல ஏழரை. கரண்ட் போகாத எடமாப் பாத்து ஒக்காரணும், நம்ம பக்கம் மழைக்கு சிக்னலும் போயிரும், டவுன்ல யார் வீட்டுலயாவது ஏற்பாடு பண்ணுங்க.


ரம்பொடை_அக்கா

கையெழுத்து அண்ணன்தான் வைக்கணும். அவரு இறந்துட்டா, இல்ல தானா முடிவெடுக்க முடியாத நெலையில இருக்காருன்னு சட்டப்படி காட்டுனாத்தான் குடும்பத்து ஆளு வைக்கலாம். நீங்க வச்சி அனுப்புனா திருப்பிருவாங்க.

டிக் பண்றதுல மொதல்ல கோப்பு மட்டும்னு போட்டா, அது சரிவரலன்னா 15 வருஷ கெடுவுக்குள்ள நேர்ல பேசக் கேட்டு இன்னொரு தடவ போகலாம். மொதல்லயே நேர்ல பேசணும்னு போட்டா கோப்பு மட்டும் பாக்குற வாய்ப்பு போயிரும். அதனால பொதுவா கோப்புதான் மொதல்ல. ஆனா அண்ணன மாதிரி எழுத்துல வராம நேர்ல பாத்தா நம்புற ஆளுங்களும் இருக்காங்க, அதனால இப்ப எதையும் டிக் பண்ணாதீங்க, திகதியும் போடாதீங்க. 2029ன்னு சொன்னேன்னு அது வரைக்கும் இழுக்கவும் வேணாம், ரெண்டு தடவ போக டைம் வேணும். கோப்பு வந்ததும் மொதல்ல மருத்துவப் பக்கத்தப் பாருங்க, அந்தக் கேள்விப் படிவத்துல என்ன டிக் பண்ணியிருக்காருன்னு இங்க எழுதுங்க. பேரு, நம்பரெல்லாம் மறைச்சிட்டு.